பட்ஜெட்டில் ஏவி ரிசீவர் வாங்கப் போகிறீர்களா? வடசென்னைத் தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வழிகாட்டி

இரண்டு தடவை காசை விட்ட பிறகுதான் எங்கள் வீட்டில் ஹோம் தியேட்டர் ஒழுங்காகப் பாடியது. பிளேயரிலிருந்து வரும் படத்தை டிவிக்கும் சத்தத்தை ஸ்பீக்கர்களுக்கும் பிரித்து அனுப்புகிற பெட்டிதான் ஏவி ரிசீவர். முதல் தடவை 14,000 ரூபாய் கொடுத்து ஒரு பழைய ரிசீவரைத் தூக்கிவந்தேன். 4கே பிளேயரை அதில் செருகினால் மெனு அழகாகத் தெரியும், படத்தை ஓடவிட்டால் திரை கறுப்பாகிவிடும். இரண்டாவது தடவை ரிசீவர் புதிது, ஆனால் அதற்கென்று வாங்கிய சப்வூஃபர், அதாவது பாஸ் சத்தத்துக்கான தனிப் பெட்டி, வாயே திறக்கவில்லை. இரண்டுமே கடைக்குப் போகுமுன் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய தப்புகள். நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆடியோ பைத்தியங்களுக்கான கட்டுரை இல்லை இது. பத்துக்குப் பன்னிரண்டு, பத்துக்குப் பதினாலு ஹாலில், வாடகை வீட்டில், ஒரு லட்சத்துக்குள் முடிக்க நினைக்கிறவர்களுக்கு.

1. முதலில் ஹாலை அளந்துகொள்ளுங்கள்

இஞ்ச் டேப் ஒன்று எடுத்து மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். டிவிக்கும் சோபாவுக்கும் நடுவே எத்தனை அடி, சோபாவுக்குப் பின்னால் சுவர் வரை எத்தனை அடி, ரிசீவர் உட்காரப்போகும் ஷெல்ஃபின் ஆழமும் உயரமும் எவ்வளவு. மூன்றாவதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ரிசீவர் ஒரு அடிக்கு மேல் ஆழம் கேட்கும், பின்னால் வயருக்கு மூன்று நான்கு விரல் இடம் வேண்டும், தலைக்கு மேல் சூடு போக ஒரு சாண் காலியாக இருக்க வேண்டும். கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேசுக்குள் வைத்துப் பூட்டினால் கோடையில் தானாக அணைந்து போகும்.

சோபா பின்சுவரோடு ஒட்டியிருக்கிறதா? நம் பக்கத்து வீடுகளில் பாதி அப்படித்தான். அப்படியானால் 7.1 (ஏழு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) பற்றிய பேச்சையே விட்டுவிடுங்கள். பின்னால் ஸ்பீக்கர் வைக்க இடமே கிடையாது. 5.1 ரிசீவர் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) போதும், சுற்றுச்சத்தத்துக்கான சரவுண்ட் ஸ்பீக்கர் இரண்டையும் சோபாவின் இரு பக்கமும், காதுக்குச் சற்று மேலே வைத்துவிடலாம். தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரவைக்கும் டால்பி அட்மாஸ் வேண்டுமே என்று கேட்பீர்கள். அட்மாஸ் படத்தை 5.1 ரிசீவரில் போட்டாலும் ஓடும், கூரைச் சத்தம் தனியாகப் பிரியாது, அவ்வளவுதான். வாடகை வீட்டின் கான்கிரீட் கூரையில் துளை போட எந்த வீட்டு உரிமையாளர் சம்மதிப்பார்?

ஹால் எட்டடிக்கு உள்ளே என்றால் ஒரு நல்ல சவுண்ட்பார் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருங்கள். இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

2. டிவியின் முதுகைப் பாருங்கள்

டிவிக்குப் பின்னால் டார்ச் அடித்து ஹெச்டிஎம்ஐ துளைகளைப் பாருங்கள். ஏதாவது ஒன்றின் பக்கத்தில் ஏஆர்சி என்றோ இ-ஏஆர்சி என்றோ எழுதியிருக்கும். செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், கடையில் உதவும்.

ஏஆர்சி என்பது டிவியில் ஓடும் சத்தத்தை அதே ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியாக ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி. டிவிக்குள்ளேயே இருக்கும் நெட்ஃபிளிக்ஸ், பிரைம் மாதிரி ஆப்களுக்கு இது கட்டாயம் வேண்டும். இ-ஏஆர்சி அதன் அடுத்த தலைமுறை, டால்பி ட்ரூஹெச்டி மாதிரி கனமான சத்தத்தையும் கொண்டுபோகும். அந்த வசதிக்காக மட்டும் பத்தாயிரம் கூடுதலாகக் கேட்பார்கள். கொடுக்க வேண்டாம் என்பது என் கணக்கு. ஸ்ட்ரீமிங் ஆப்கள் அனுப்புவது டால்பி டிஜிட்டல் பிளஸ், அதற்குச் சாதா ஏஆர்சியே போதும். ப்ளூரே பிளேயர் வைத்திருக்கிறவர்கள் அதை நேராக ரிசீவரில் செருகிவிட்டால் டிவி வழியாகச் சுற்றவேண்டிய வேலையே இல்லை.

டிவியில் ஏஆர்சி இல்லாமல் ஆப்டிகல் துளை மட்டும் இருந்தாலும் கவலை வேண்டாம், 5.1 டால்பி அதிலும் போகும்.

3. பணத்தைப் பிரித்து வையுங்கள்

ரிசீவர் விலையை மட்டும் மனதில் வைத்துக் கிளம்பினால் பாதி வழியில் நிற்பீர்கள். எனக்கு ஆன செலவை அப்படியே தருகிறேன். ரிசீவர் 33,000. முன் ஜோடி, சென்டர், சரவுண்ட் ஜோடி சேர்த்து ஸ்பீக்கர்கள் 24,000. சப்வூஃபர் 13,000. ஸ்பீக்கர் வயர் 30 மீட்டர், மீட்டர் 55 வீதம் 1,650. ஹெச்டிஎம்ஐ கேபிள் இரண்டு 1,400. சுவர் பிராக்கெட்டும் ஸ்டாண்டும் 1,800. எர்த் சரிசெய்த எலக்ட்ரீஷியனுக்கு 1,200. ஆட்டோ 350. மொத்தம் 76,400. பழைய ரிசீவரில் விட்ட காசு தனி.

அவ்வளவு ஒரே மாதத்தில் முடியாது என்றால் ஒரு வழி இருக்கிறது, கடைக்காரர் இதைச் சொல்லவே மாட்டார். ரிசீவரும் முன்பக்க ஜோடி ஸ்பீக்கரும் மட்டும் முதலில் வாங்குங்கள். ரிசீவர் மெனுவில் மற்ற ஸ்பீக்கர்களுக்கு ‘இல்லை’ என்று போட்டுவிட்டால் வசனம், பின்சத்தம் எல்லாவற்றையும் அந்த இரண்டிலேயே கலந்து கொடுத்துவிடும். அடுத்த போனஸில் சென்டர், அதற்கடுத்து சப்வூஃபர் என்று சேர்த்துக்கொண்டே போகலாம். ஐந்தையும் மட்டமாக ஒரே நாளில் வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

4. வாட் கணக்கில் ஏமாறாதீர்கள்

இந்த இடத்தில்தான் நிறைய பேர் விழுகிறார்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பெட்டியில் 1000 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரே எண்ணைப் பல விதமாக அளக்கலாம். ஒரு சேனலை, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கான வழியை மட்டும் ஓடவிட்டு, ஒரே ஒரு சுருதியில், சத்தம் பத்து சதவீதம் கெட்டுப்போகும் வரை முறுக்கினால் பெரிய எண் வரும். இரண்டு சேனலை ஒன்றாக ஓடவிட்டு, 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை முழுக்க, சத்தம் கெடாமல் அளந்தால் உண்மையான எண் வரும். யமஹாவின் ஆர்எக்ஸ்-வி385 என்ற 5.1 ரிசீவரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நேர்மையான முறையில் அதன் அளவு 6 ஓம் மின்தடை உள்ள ஸ்பீக்கரில் சேனலுக்கு 70 வாட். இதே ரிசீவருக்கு இன்னொரு முறையில் அளந்த பெரிய எண்ணும் உண்டு. கடைக்காரர் எந்த எண்ணைச் சொல்வார் என்று உங்களுக்கே தெரியும். ‘இரண்டு சேனல் ஓடும்போது எவ்வளவு?’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

சரி, 70 வாட் போதுமா? தாராளமாக. ஸ்பீக்கரின் விவரத்தில் 88 டெசிபல் என்று போட்டிருந்தால், 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தள்ளி 88 டெசிபல் கேட்கும் என்று அர்த்தம். வாட்டை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் கூடும். ஆக 2, 4, 8, 16 என்று நாலு தடவை இரட்டித்தால் 100 டெசிபல். பத்தடி தள்ளி உட்காரும்போது ஏறக்குறைய 10 குறையும். 16 வாட்டிலேயே சோபாவில் 90 டெசிபல் வந்துவிடுகிறது, அது கீழ் வீட்டு ஆயா குச்சியால் கூரையைத் தட்டும் சத்தம். 70 வாட் ரிசீவருக்கும் 100 வாட் ரிசீவருக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை டெசிபல்தான். அந்தப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள்.

ஸ்பீக்கரின் ஓம் அளவையும் பாருங்கள். 6 அல்லது 8 ஓம் இருந்தால் பட்ஜெட் ரிசீவருக்கு நல்லது. பழைய டிவிடி ஹோம் தியேட்டர் செட்டில் வந்த 3 ஓம் ஸ்பீக்கர்களைக் கழற்றி இதில் மாட்டாதீர்கள். சூடேறி, பாதுகாப்புக்காக ரிசீவர் தன்னையே அணைத்துக்கொள்ளும்.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்த 5.1 ஆம்ப்கள் ஆறாயிரம், எட்டாயிரத்துக்குக் கிடைக்கும். நான் அவற்றைக் குறை சொல்லமாட்டேன், பள்ளி நாளில் 4440 ஐசி என்ற ஆம்ப்ளிஃபயர் சிப் போட்ட ஆம்ப்பில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவன்தான். ஆனால் அந்த ஐசியின் சொந்த விவரத்தாளில் சேனலுக்கு 6 வாட், இரண்டு சேனலையும் சேர்த்து பிரிட்ஜ் போட்டால் 19 வாட் என்றிருக்கும், வெளியே ஸ்டிக்கரில் 500 என்றிருக்கும். பாட்டுக்கு அது போதும், மூலைக் கடையிலேயே ரிப்பேரும் ஆகிவிடும். ஆனால் பல பெட்டிகளில் ஹெச்டிஎம்ஐ, ஏஆர்சி, மைக் வைத்து அறைக்கேற்பச் சத்தத்தைத் தானாகச் சரிசெய்யும் அளவமைப்பு எதுவும் இருக்காது. அதனால் படம் பார்க்க அது ஒத்துவராது.

5. சப்வூஃபர் என்ற பொறி

ரிசீவரின் பின்னால் சப்வூஃபருக்கு ஆர்சிஏ துளைதான் இருக்கும். அதில் வருவது சிக்னல் மட்டும், சப்வூஃபரை ஓட்டும் சக்தி வராது. அதனால் சொந்தமாக ஆம்ப்ளிஃபயரும் பவர் கார்டும் உள்ள ஆக்டிவ் சப்வூஃபர்தான் வேண்டும். நான் வாங்கியது ஹோம் தியேட்டர் செட்டிலிருந்து பிரித்து விற்ற பாசிவ் பெட்டி. ‘எதுல வேணா மாட்டலாம் சார்’ என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து பின்னால் தடவிப் பார்த்தால் கரண்ட் ஒயரே இல்லை, சிவப்பு கறுப்பு கிளிப் இரண்டு மட்டும்தான். திருப்பிக் கொண்டுபோனால் பாதி விலைதான் கிடைத்தது. நீங்கள் பெட்டியைத் திருப்பிப் பார்த்து பவர் கார்டைக் கையால் தொட்டுவிட்டு காசு கொடுங்கள்.

எட்டு இஞ்ச் போதும். பத்து இஞ்ச் வாங்கிவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அணைத்து வைப்பதில் என்ன பயன்?

6. எங்கே வாங்குவது

மூன்று இடங்கள். ரிச்சி தெருவும் அதைச் சுற்றிய அண்ணா சாலைக் கடைகளும் ஒன்று. நம் பக்கத்திலிருந்து மெட்ரோவில் நேராகப் போகலாம், நீல வழித்தடத்தில் ஏறி அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் நடை தூரம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வேலை நாளில் காலை பதினொன்றரை மணி வாக்கில் போனால் ஆள் குறைவு, உட்காரவைத்துப் போட்டுக் காட்டுவார்கள். வி385 மாதிரி ரிசீவர் எட்டு கிலோவுக்குள்தான், மடியில் வைத்துக்கொண்டே திரும்பி வந்துவிடலாம். ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு மட்டும் ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள்.

டெமோ கேட்கும்போது கடைக்காரர் போடும் படத்தைக் கேட்காதீர்கள். உங்களுக்கு வரிக்கு வரி மனப்பாடமான ஒரு தமிழ்ப் படத்தின் வசனக் காட்சியைப் போடச் சொல்லுங்கள். வெடிச்சத்தம் எல்லா செட்டிலும் நன்றாகத்தான் இருக்கும். மெதுவாகப் பேசும் வசனம் புரிகிறதா என்பதுதான் பரீட்சை.

இரண்டாவது, ஆன்லைன். விலை சில சமயம் இரண்டு மூன்றாயிரம் குறையும். விற்பவர் அந்த கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட டீலரா என்பதை கம்பெனியின் சொந்த இணையதளப் பட்டியலில் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். பெட்டி வந்ததும் பிரிப்பதை முழுக்க வீடியோ எடுங்கள்.

மூன்றாவது, பர்மா பஜார், மூர் மார்க்கெட் வகையறா. வெளிநாட்டு சரக்கு கண்ணைப் பறிக்கும். கை வைக்குமுன் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். அமெரிக்க மாடலில் 120 வோல்ட், ஜப்பான் மாடலில் 100 வோல்ட் என்று எழுதியிருக்கும். நம் 230 வோல்ட்டில் செருகிய நொடியில் புகைதான். ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டலாம், ஆனால் அது தனிச்செலவு, தனி இரைச்சல். இந்தியாவில் வாரண்டியும் கிடைக்காது.

7. பழையதுதான் வாங்குவேன் என்றால்

தப்பில்லை, ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். பையில் உங்கள் ஸ்ட்ரீமிங் ஸ்டிக், நல்ல ஹெச்டிஎம்ஐ கேபிள், ஒரு சின்ன ஸ்பீக்கர், ஒரு முழ வயர் இருக்கட்டும். கேட்க வேண்டியது ஹெச்டிசிபி 2.2 என்ற காப்பித் தடுப்பு வசதி இருக்கிறதா என்பது. அது இல்லாத ரிசீவர் பாதுகாக்கப்பட்ட 4கே படத்தை டிவிக்கு அனுப்பாது, நான் 14,000 விட்டது இதில்தான். வாயால் சொல்வதை நம்பாமல், மாடல் எண்ணைப் போனில் தட்டி, கம்பெனியின் கையேட்டைத் திறந்து அந்த எண் அச்சில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லா ஹெச்டிஎம்ஐ துளையிலும் ஸ்டிக்கை மாற்றி மாற்றிச் செருகுங்கள். பழைய ரிசீவரில் முதலில் சாகிற உறுப்பு ஹெச்டிஎம்ஐ போர்டுதான். அரை மணி நேரம் ஓடவிட்டு, ஐந்து சேனலிலும் உங்கள் ஸ்பீக்கரை மாட்டிக் கேளுங்கள். ரிமோட்டும் அளவமைப்பு மைக்கும் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு கம்பெனி மைக் இன்னொரு கம்பெனி ரிசீவருக்கு ஒத்துவராது. மைக் இல்லையென்றால் விலையில் ஆயிரமாவது குறையுங்கள்.

8. பில்லும் மற்ற காகிதங்களும்

‘பில் வேண்டாம்னா ரெண்டாயிரம் கம்மி பண்ணிக்கலாம்’ என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். ரிசீவர் கெட்டால் ரிப்பேர் செலவே அதைவிடப் பல மடங்கு வரும்.

பில்லில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்: கடையின் ஜிஎஸ்டி எண், முழு மாடல் எண், பெட்டியிலுள்ள அதே சீரியல் எண், தேதி. சீரியல் எண்ணை எழுத பலர் சோம்பல்படுவார்கள், நின்று எழுத வைத்துவிட்டு வாருங்கள். வாரண்டி அட்டையில் கடை முத்திரை வேண்டும். வாரண்டியைப் பதிவு செய்யச் சொல்லும் கம்பெனிகளும் உண்டு, அன்றைக்கே செய்துவிடுங்கள். வெப்பத்தாளில் அடித்த பில் ஒரு வருடத்தில் வெளுத்துப் போகும், அன்றைக்கே போட்டோ எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பிவிடுங்கள்.

தவணையில் வாங்குவதானால் ஆதார், பான் இரண்டும், ஃபைனான்ஸ் கம்பெனியைப் பொறுத்து வங்கிக் கணக்கு விவரமும் கேட்பார்கள். வட்டியில்லாத் தவணை என்றாலும் பிராசசிங் கட்டணம், அதன்மேல் ஜிஎஸ்டி என்று சில நூறு போகும். மொத்தம் எவ்வளவு கட்டப்போகிறேன் என்று ஒரே எண்ணாகக் கேட்டு வாங்குங்கள்.

தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

9. எந்த மாதம்

ஆடித் தள்ளுபடியும் தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரமும் நல்ல நேரம். புது மாடல் வரும்போது போன வருட மாடலைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், பட்ஜெட் ரிசீவரில் ஒரு வருடத்தில் பெரிதாக எதுவும் மாறிவிடாது, தைரியமாகப் பழைய மாடலை எடுங்கள்.

10. கரண்டும் உப்புக்காற்றும்

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், எர்த் இருக்காது. ரிசீவரின் தகட்டைப் புறங்கையால் தொட்டால் விறுவிறுவென்று இருந்தால் அதுதான் அறிகுறி. உடனே அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், சத்தத்தைக் கூட்டி அதை மறந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

ஸ்பீக்கரில் ‘உம்ம்’ என்று இடைவிடாத ரீங்காரம் வந்தால் முதலில் கேபிள் டிவி ஒயரை செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் தப்பு ரிசீவரில் இல்லை, அந்த ஒயர் வழியாக வரும் எர்த் சண்டையில். வோல்டேஜ் ஏறி இறங்கும் தெருவானால் ஸ்டெபிலைசர் போடுங்கள். சாதா ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் லைனில் ரிசீவரைச் செருகாதீர்கள், இரைச்சல் வரும்.

காசிமேடு, திருவொற்றியூர் போலக் கடல் பக்கமானால் ஸ்பீக்கர் வயரின் திறந்த முனை ஒரு வருடத்தில் பச்சை பிடித்துவிடும். பனானா பிளக் போட்டு இறுக்குங்கள், அல்லது வருடம் ஒருமுறை முனையை வெட்டிப் புதிதாகச் சீவுங்கள். வயர் வாங்கும்போதே ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வேண்டாம். 16 கேஜ் சுத்தமான செம்பு போதும்.

தரைத்தள வீட்டுக்காரர்களுக்கு ஒன்று. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் தண்ணீர் புகுந்த வீடுகளில் முதலில் நனைந்தவை தரையில் கிடந்த சாமான்கள்தான். சப்வூஃபர் தரையில் வைக்கிற பொருள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதை ஒரு உயரமான ஸ்டூலில் ஏற்றிவிடுங்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸை சுவரில் ஆணியடித்து மாட்டுங்கள்.

11. இணைத்து முடித்ததும்

சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு ஸ்பீக்கரில் மாறிப்போனாலும் பாஸ் சத்தம் காணாமல் போகும், நீங்கள் சப்வூஃபரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். டிவியின் ஏஆர்சி துளையிலிருந்து ரிசீவரின் ஹெச்டிஎம்ஐ அவுட்டுக்குக் கேபிள். பிறகு டிவி செட்டிங்கில் சிஇசி (டிவியும் ரிசீவரும் ஒன்றையொன்று இயக்கும்) வசதியை ஆன் செய்து, டிஜிட்டல் ஆடியோவை பிசிஎம்-இலிருந்து, சத்தத்தை மாற்றாமல் அப்படியே அனுப்பும் பாஸ்த்ரூ அல்லது ஆட்டோவுக்கு மாற்றுங்கள். இதை மாற்றாமல் ஐந்து ஸ்பீக்கர் வாங்கி இரண்டில் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறவர்களை எனக்கே தெரியும். ரிசீவர் திரையில் டால்பி என்று எழுத்து வருகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக அளவமைப்பு மைக். ராத்திரி பத்தரைக்கு மேல் வேண்டாம், மதியம் வேண்டாம். டி.ஹெச். ரோட்டில் (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) கண்டெய்னர் லாரிகள் உறுமும் நேரத்தில் நான் முதல் தடவை போட்டபோது, சப்வூஃபர் எங்கோ 31 அடி தூரத்தில் இருப்பதாக ரிசீவர் முடிவு செய்தது. ஹாலே 14 அடிதான். ஞாயிறு காலை ஆறு மணிக்கு, ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, மைக்கை சோபாவில் தலை வரும் உயரத்தில் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் வைத்துவிட்டு, எல்லோரையும் ஹாலை விட்டு வெளியே அனுப்பினேன். அம்மா மட்டும் சமையலறையில் டம்ளரைக் கழுவப் போக, இரண்டாவது தடவையும் வீணாயிற்று. மூன்றாவதில் 9 அடி, 9 அடி, 8 அடி என்று சரியாக வந்தது. பிறகு ஸ்பீக்கர் அளவு ‘பெரியது’ என்று அதுவாகப் போட்டிருந்தால் ‘சின்னது’ என்று மாற்றி, கிராஸ்ஓவரை, அதாவது எதற்குக் கீழுள்ள சத்தம் சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வையுங்கள்.

அந்த மெனுப் பக்கங்கள் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து பில்லோடு சேர்த்து வையுங்கள். சர்வீஸுக்குப் போன ரிசீவர் எல்லாவற்றையும் மறந்துவிட்டுத்தான் திரும்பி வரும்.